உங்களுக்குத் தெரியுமா? கடல் கடந்த சுரங்கப் பங்குகள்

ஆஸ்திரேலியாவில் பணிபுரிந்த காலத்தில், தம் உழைப்பின் ஊதியத்தைக் கொண்டு இரும்புத்தாதுச் சுரங்கக் கம்பெனி ஒன்றின் பங்குகளை வாங்கிய ஒருவர், மரக்காணம் உப்பளக் கரைப் பகுதிக்குத் திரும்பி நிரந்தரமாகக் குடியேறிய பின்னரும், அவற்றை உச்சவரம்பு ஏதுமின்றித் தம் வசமே வைத்துக்கொள்ள, 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 6(4)-ஆம் பிரிவு பூரண உரிமை அளிக்கிறது.

• அயல்நாட்டில் வசித்தவரிடமிருந்து வாரிசாகப் பெற்ற பங்குகளுக்கும் இதே சுதந்திரம் உண்டு.

• இங்கிருந்து பணம் அனுப்பிப் பங்கு வாங்குவோருக்கோ, நிதியாண்டுக்கு 2,50,000 அமெரிக்க டாலரே வரம்பு; 2004-இல் ரிசர்வ் வங்கி இவ்வாறு பணம் அனுப்ப வகைசெய்யும் திட்டத்தைத் தொடங்கியபோது அது 25,000 டாலர்.

• அவ்வாறு வாங்கிய பங்கின் லாப ஈவை மறுமுதலீடு செய்யாவிடில், 180 நாட்களுக்குள் தாயகம் கொணர்தல் அவசியம்.