வெளியே சிவப்பு, உள்ளே பழுப்பு: ஆப்பிள் வியாபாரிகள் கவனத்திற்கு

மாசி, பங்குனி வந்துவிட்டால் நமது சில்லறை வியாபாரிகள் மண்டியில் வந்து சொல்லும் குறை ஒன்றுதான். "பெட்டியைப் பிரித்தபோது பழம் பளபளவென்று இருந்தது அண்ணாச்சி. வாங்கிப்போனவர் நறுக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார், உள்ளே பழுப்பு." பழியைக் குளிர்பதனக் கிடங்கின் மேல் போட்டுவிடுகிறோம். கிடங்கு பாதிக் காரணம்தான். மீதி தோட்டத்திலேயே ஆரம்பமாகிவிடுகிறது.

சிம்லா, காஷ்மீரிலிருந்து வருவதில் பெரும்பகுதி டெலிசியஸ் ரகம். இதை மரத்திலேயே அதிகம் முற்றவிட்டால், விதைப்பகுதியைச் சுற்றிச் சதை கண்ணாடி போல நீர் கோத்துக்கொள்ளும். அந்த நீரில் இருப்பது சார்பிட்டால் என்னும் இனிப்புப் பொருள். ஜப்பானில் இப்படி நீர் கோத்த ப்யூஜி பழத்தைத் தேன் ஆப்பிள் என்று விரும்பி வாங்குகிறார்கள்! பறித்த சூட்டோடு தின்பவர்களுக்கு அது சரி. நமக்கு வருவதோ மாதக்கணக்கில் கிடங்கில் இருந்த சரக்கு.

நீர் லேசாகக் கோத்திருந்தால், 0 டிகிரியை ஒட்டிய சாதாரணக் குளிரில் நாளடைவில் தானே வற்றிவிடும். அதிகமாக இருந்தால் வற்றாது. சதையின் இடைவெளிகளில் காற்றுப் போக வழியில்லாமல் அந்த இடமே பழுப்பாகிவிடும். ரோஹ்ரூ, லாசிபோரா போன்ற இடங்களில் உள்ள சி.ஏ. கிடங்குகளில், காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜனை 1 முதல் 3 சதவீதத்துக்குக் குறைத்து வைக்கிறார்கள். நல்ல பழத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. நீர் கோத்த பழத்துக்கு அதே அறை சத்துரு. கரியமிலவாயு உள்ளே தேங்கிப் பழுப்பை அதிகமாக்கிவிடும்.

குளிரில் மெதுவாக நடந்தது நம்மூர் வெயிலில் ஓட்டமாக ஓடும். சென்ற வருடம் விலை ஏறும் என்று நானே கொஞ்சம் பெட்டிகளைக் குளிர் இல்லாத கடையில் பத்து நாள் நிறுத்தி வைத்தேன். ஏறிய விலையைவிடக் கழித்துப் போட்ட பழம் அதிகம்.

எனவே வாங்கும்போதே ஒவ்வொரு மார்க்காவிலும் இரண்டு பழத்தைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். பெரிய பழமாக எடுங்கள். இந்தக் கோளாறு அதில்தான் அதிகம். மண்டிக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கண்ணாடிக் கோடு தெரிந்தால் இரண்டு மூன்று நாளில் விற்கும் அளவே எடுங்கள். ஆப்பிள் பெட்டியை வாழைத்தார் பக்கத்தில் வைக்காதீர்கள், இரண்டும் சேர்ந்தே கனிந்துவிடும். பழுப்பு கண்டால் அன்றைக்கே பெட்டியின் மார்க்காவோடு மண்டிக்குச் சொல்லுங்கள். வாரம் கழித்து வந்தால், சரக்கு அனுப்பியவரிடம் நாங்கள் கேட்க வழியில்லை.