அடீனியத்துக்குத் தண்ணீர் பகையா?

‘தண்ணீரே ஊற்ற வேண்டாம், தானாகப் பூக்கும்’ என்று சொல்லித்தான் அடீனியத்தைப் பெரும்பாலும் விற்கிறார்கள். பாலைவன ரோஜா என்ற பெயரும் அதை நம்பவைத்துவிடுகிறது. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவர் வீட்டில் செடி சாவதில்லை, பூப்பதும் இல்லை. நம்பாமல் மற்றத் தொட்டிகளோடு இதற்கும் ஆண்டு முழுவதும் ஊற்றுபவர் வீட்டில், கார்த்திகை முடிவதற்குள் அடித்தண்டு கொழகொழவென்று அழுகிவிடுகிறது. இருவருமே எவ்வளவு ஊற்றலாம் என்றுதான் யோசித்தார்கள். எப்போது ஊற்றலாம் என்று யோசித்திருந்தால் இரண்டு செடிகளும் பூத்திருக்கும்.

செனகலிலிருந்து சோமாலியா வரை சஹாராவுக்குத் தெற்கே நீளும் வறண்ட பகுதியும், செங்கடலுக்கு அப்பால் ஏமன், ஓமன் நாடுகளும் இதன் தாயகம். அந்த ஆப்பிரிக்கப் பகுதியின் பெரும்பாலான இடங்களில் மழை பெய்வது ஏறக்குறைய ஜூன் முதல் செப்டம்பர் வரை, அதாவது சூடான மாதங்களில். அப்போது செடி நீரை வேகமாக உறிஞ்சி, இலைவிட்டு, பருத்த அடித்தண்டில் சேமிக்கிறது. பிறகு வரும் நீண்ட வறட்சியில் இலையுதிர்த்து அந்தச் சேமிப்பில் காலம் தள்ளுகிறது. காட்டில் இலையே இல்லாத வறட்சியிலும் பூக்கிறதே, அப்படியானால் காயப்போட்டால்தானே பூக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பூ, மழைக்காலத்தில் சேர்த்த நீரையும் உணவையும் செலவழித்துப் பூப்பது. சேமிக்கவே விடாத செடியிடம் செலவழிக்க என்ன இருக்கும்?

நம் ஊர்ச் சிக்கல், பருவம் மாறியிருப்பது. வடகிழக்குப் பருவமழை கொட்டும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வெயில் குறைந்து செடியின் வளர்ச்சி தளர்கிறது. வேர் குடிக்காத நீர் தொட்டியில் தேங்க, பூஞ்சை புகுந்துவிடுகிறது. பங்குனி, சித்திரை வெயிலிலோ அது தாராளமாகக் குடிக்கும். அப்போது மேல்மண் காய்ந்ததும், அடித்துளை வழியே வழியும்வரை ஊற்றலாம். மொட்டைமாடிச் சூட்டில் இது ஒருநாள் விட்டு ஒருநாள்கூட ஆகலாம். தொட்டி மண்கலவையில் பாதிக்குப் பாதி பருமணலோ உடைத்த செங்கல்லோ இருக்கட்டும். நீரைப் பிடித்துவைக்கும் தென்னை நார்த்தூளை அளவாகச் சேர்த்தால் போதும். தினமும் ஆறு மணி நேர நேர்வெயில் கிடைக்காத பால்கனியில் எந்தப் பூ டானிக்கும் பலிக்காது. அந்தக் காசு மிச்சம். செடியைப் பெருக்க நினைத்தால், தண்டை வெட்டி நட்டாலும் வேர்பிடிக்கும். ஆனால் விதைச்செடியைப்போல் அடித்தண்டு எளிதில் பருக்காது. அடுக்கிதழ் ரகங்களின் விதையில் அதே பூ வரும் என்ற உறுதியில்லை. அவற்றை ஒட்டுக்கட்டித்தான் பெருக்குகிறார்கள்.

விஷச்செடியை வீட்டில் வைக்கலாமா என்ற தயக்கமும் உண்டு. இதன் பாலில் இதயத்தைப் பாதிக்கும் நச்சு இருப்பதும், ஆப்பிரிக்காவில் அதை அம்பு நுனியில் பூசியதும் உண்மை. ஆனால் இது அரளிக் குடும்பம். அரளியையே வேலியோரம் வளர்த்துப் பூப்பறித்துப் பழகியவர்கள் நாம். கிளை வெட்டியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தவழும் குழந்தைக்கும் ஆடு, நாய்க்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள். கூடவே, ஐப்பசி பிறக்குமுன் தொட்டியை மழை படாத, வெளிச்சமுள்ள இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.