ஒரே தலைக்கு எத்தனை ஸ்கேன்?



சென்ற ரஜப் மாத மருத்துவ உதவிக் குழுக் கூட்டத்தில் ஒரு மனு வந்தது. கல்லூரியில் படிக்கும் 19 வயதுப் பையன். வலக்கை துடித்து, பிறகு உடம்பு முழுக்க வலிப்பு வருகிறது. ஏற்கெனவே நமது அறக்கட்டளை உதவியில் தலைக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. இப்போது எம்.ஆர்.ஐ.யும் எம்.ஆர். ஆஞ்சியோவும் வேண்டும், அதன் பிறகு தொடை வழியாகக் குழாய் செலுத்தி ஒரு ஆஞ்சியோகிராமும் தேவைப்படலாம் என்று டாக்டர் எழுதியிருந்தார். "ஒரே தலைக்கு எத்தனை ஸ்கேன்? ஸ்கேன் சென்டர்காரன் பிழைக்க நாம் ஜகாத் வசூலிக்கிறோமா?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். எனக்கும் அதே எண்ணம்தான். மனுவை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தோம். தள்ளி வைத்த கையெழுத்து என்னுடையது.

நாலாம் நாள் அந்தத் தாயார் என் வீட்டுக்கு வந்து, "காக்கா, டாக்டரிடம் நீங்களே ஒரு வார்த்தை கேளுங்கள்" என்றார். போய்க் கேட்டேன். அங்கே அறிந்ததையும் பிறகு படித்ததையும் இங்கே எழுதுகிறேன். பணம் கொடுப்பவர்களும் மனுப் போடுபவர்களும் இருவருமே இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதயத்திலிருந்து வரும் இரத்தம் தமனியில் வேகமாக வருகிறது. அது மயிரிழையினும் மெல்லிய நுண்குழாய்களுக்குள் பரவி, வேகம் தணிந்து, உறுப்புக்கு உணவைக் கொடுத்துவிட்டு, சிரை வழியே திரும்புகிறது. இந்த இடைவழி இருக்க வேண்டும் என்று நுரையீரலைப் பற்றி முதலில் எழுதியவர் நம்மவர்தான். திமிஷ்குப் பகுதியில் பிறந்து கெய்ரோவில் மருத்துவராக இருந்த இப்னுன் நஃபீஸ் (ரஹ்), 1242இல் எழுதிய விரிவுரையில், நுரையீரலில் தமனிக்கும் சிரைக்கும் நடுவே நுண்ணிய வழிகள் உண்டு என்றார். ஷாஃபிஈ ஃபிக்ஹும் நடத்தியவர் அவர். அந்த நுண்குழாய்களைக் கண்ணால் கண்டது 1661இல், மைக்ராஸ்கோப் வந்த பிறகு, இத்தாலியின் மல்பீகி. மதரஸாவிலும் கல்லூரியிலும் படித்தும் இந்தப் பெயரை நான் கேள்விப்பட்டது ஐம்பது வயதுக்குப் பிறகுதான் என்பது வேறு கதை.

சிலருக்கு மூளையின் ஓரிடத்தில் இந்த நுண்குழாய்களே இல்லாமல், தமனி நேரே சிரையோடு சிக்கலாகப் பின்னிக்கொண்டிருக்கும். இதை ஏ.வி.எம். என்கிறார்கள். மெல்லிய சுவருள்ள சிரை, தமனியின் முழு வேகத்தையும் தாங்க வேண்டியதாகிறது. வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாது. சிலருக்கு வலிப்பு, சிலருக்குத் தலைவலி, சிலருக்கு முதல் அறிகுறியே இரத்தக்கசிவு. ஏ.வி.எம். உள்ளவர்களில் ஆண்டுக்கு 100க்கு 2 முதல் 4 பேருக்குக் கசியலாம் என்பது பொதுக் கணக்கு. ஒரு முறை கசிந்துவிட்டால் அபாயம் கூடும்.

சி.டி.யின் பலம் வேகம். புதிதாகக் கசிந்த இரத்தத்தைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். கசியாத சிக்கலை அது பல நேரம் நழுவ விட்டுவிடும். நம் பையனுக்கும் அப்படித்தான், "இடப்பக்கம் சந்தேகம்" என்ற ஒரு வரியோடு நின்றுவிட்டது.

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. பெரிய காந்தமும் ரேடியோ அலையும்தான். உடம்பிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்களை அலையால் உசுப்பி, அவை திருப்பித் தரும் சைகையைப் படமாக்குகிறார்கள். வேகமாக ஓடும் இரத்தம், சைகை பிடிக்கும் முன்பே அந்த இடத்தை விட்டுப் போய்விடுகிறது. அதனால் சாதாரண எம்.ஆர்.ஐ. படத்தில் ஏ.வி.எம். கறுப்புப் புழுக்கள் சுருண்டு கிடப்பதுபோல் தெரியும். எம்.ஆர். ஆஞ்சியோ இதற்கு நேர்மாறு. அசையாத சதையின் சைகையை அடக்கிவிட்டு, புதிதாக உள்ளே வரும் இரத்தத்தை மட்டும் வெள்ளையாகக் காட்டும். பல நேரம் இதற்கு ஊசி மருந்துகூட வேண்டியதில்லை. மூன்றாவதாக ஒரு முறை உண்டு, எஸ்.டபிள்யூ.ஐ. என்பார்கள். பழைய இரத்தம் விட்டுச்சென்ற இரும்புக் கறையை அது கரும்புள்ளியாகக் காட்டும். எல்லாம் ஒரே இயந்திரத்தில், ஒரே படுக்கையில் எடுப்பவை. பில்லில் தனித்தனியாக எழுதியிருப்பதைப் பார்த்து நாம்தான் மூன்று ஸ்கேன் என்று எண்ணிவிட்டோம்.

இவற்றிலிருந்து டாக்டருக்கு என்ன கிடைக்கிறது? சிக்கல் 3 செ.மீ.க்கு உட்பட்டதா, 6 செ.மீ.யைத் தாண்டியதா, பேச்சு, கை கால் அசைவு, பார்வை போன்ற முக்கியப் பகுதியில் இருக்கிறதா, இரத்தம் மேற்புறச் சிரையில் வடிகிறதா, ஆழத்திலா. இந்த மூன்றுக்கும் மதிப்பெண் போட்டு அறுவையின் ஆபத்தைக் கணிக்கும் முறையை 1986இல் ஸ்பெட்ஸ்லர், மார்ட்டின் என்ற இருவர் வகுத்தார்கள். இன்றும் அதுவே புழக்கத்தில் உள்ளது.

பிறகு ஏன் குழாய் ஆஞ்சியோ? எம்.ஆர்.ஐ. இடத்தைக் காட்டுகிறது. எந்தத் தமனி முதலில் நிரம்புகிறது, எந்தச் சிரை எத்தனை சீக்கிரம் நிரம்புகிறது என்ற ஓட்டத்தை நொடி நொடியாகக் காட்டுவது குழாய் ஆஞ்சியோதான். 1927இல் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் தொடங்கிய முறையின் இன்றைய வடிவம் அது. ஆனால் 'கேவர்னோமா' என்ற இன்னொரு வகை இரத்தக்குழாய்க் கட்டி அந்த ஆஞ்சியோவில் தெரியவே தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். ஆக, ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நம் குழு பேசியது தவறு.

கண்டுபிடித்தவுடன் எல்லாரையும் அறுக்க வேண்டும் என்பதும் இல்லை. கசியாத ஏ.வி.எம். உள்ள 226 பேரைச் சேர்த்து நடத்திய ஆய்வு 2014இல் வெளியானது. மருந்து மட்டும் கொடுக்கப்பட்டவர்களைவிட, அறுவை முதலிய சிகிச்சை பெற்றவர்களிடமே பக்கவாதமும் மரணமும் அதிகமாக இருந்தன. சராசரியாக மூன்று வருடம்கூடக் கவனிக்காமல் ஆயுள் முழுவதற்கும் தீர்ப்புச் சொல்லலாமா என்று பல நிபுணர்கள் மறுத்தார்கள். அவர்கள் வாதத்திலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. 19 வயதுப் பையனுக்கு முன்னால் எத்தனையோ வருடங்கள் இருக்கின்றன. எப்படியானாலும், கசிந்ததா இல்லையா என்பதுதான் முதல் கேள்வி.

நம் பையனின் எஸ்.டபிள்யூ.ஐ. படத்தில் பழைய கறை இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் கடுமையான தலைவலி வந்து வாந்தி எடுத்ததை அவன் உம்மா அப்போதுதான் நினைவுகூர்ந்தார். சூடு என்று எண்ணி வீட்டிலேயே பார்த்துக்கொண்டார்களாம். எந்த ஸ்கேனை வீண் என்று நிறுத்தி வைத்தோமோ, அதுதான் தீர்மானத்தை மாற்றியது. சிக்கல் சிறியது, ஆனால் வலக்கையை இயக்கும் பகுதியை ஒட்டியிருக்கிறது. ஆகவே கத்தி வைக்காமல் கதிர் சிகிச்சை செய்திருக்கிறார்கள். அந்த ஒரு மாதத் தாமதத்தில் ஒன்றும் நேரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். நேர்ந்திருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

கதிர் சிகிச்சையில் குழாய்கள் அடைபட இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை கசியும் அபாயம் முழுதும் நீங்காது, இடையிடையே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்க வேண்டும். ஆகவே இதே குடும்பம் மறுபடி மனுப் போட்டால் யாரும் முகம் சுளிக்க வேண்டாம்.

ஸ்கேனுக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவை சில. காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். மக்கனா ஊசி, ஊக்கு, கருகமணி, மூக்குத்தி, கொலுசு, தகட்டுத் தாயத்து, அரைஞாணில் கோத்த வெள்ளி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். பெண்கள் ஊசி குத்தாத பருத்தித் துணியால் தலையை மூடிக்கொள்ளலாமா என்று முன்பே கேட்டுக்கொள்ளலாம். பேஸ்மேக்கர், உடம்பில் வைத்த கிளிப், லேத்து வேலையில் கண்ணில் தெறித்த இரும்புத் துகள், கர்ப்பம் ஆகியவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊசி மருந்து போடுவதென்றால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டும். அரை மணி, முக்கால் மணி நேரம் பெரும் சத்தத்தில் அசையாமல் படுக்க வேண்டியிருக்கும். திக்ரு செய்பவர்கள் மனதுக்குள் செய்யுங்கள். தாடை அசைந்தாலும் படம் கலங்கும்.

வலிப்பு வந்தால் ஓதிப் பார்ப்பதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டு ஓதிப் பார்ப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களே. இதுவரை வராத அளவு கடுமையான தலைவலி இடி விழுந்தாற்போல் திடீரென்று வந்தால், மனுவும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம். 108ஐ அழைத்து நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

ஷஅபான் மாதக் கூட்டத்தில் எடுத்த முடிவின்படி, மூளை ஸ்கேன் மனுக்களைச் செயலாளரும் பொருளாளரும் அன்றே பார்த்து அனுமதிப்பார்கள். டாக்டர் சீட்டு, பழைய பிலிம், சி.டி. தட்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆகியவற்றோடு அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமென்றால் முதலில் அங்கே விசாரிப்போம், தனியார் மையத்தைவிடச் செலவு குறையும். பழைய பிலிமை மறந்துவிடாதீர்கள். முன்னைய படத்தோடு ஒப்பிட்டால்தான் மாற்றம் தெரியும்.