வீட்டு மருந்தும் வளர்ப்பு நாயும்

'அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு' என்பது பழமொழி. மாந்தர்க்குப் பிணி தீர்க்கும் மருந்தே, அவர்தம் வாயிலைக் காக்கும் நாய்க்கு உயிர்க்கேடாய் முடிதலும் உண்டு. எதனையும் மோந்தும் கடித்தும் அறிவது நாயின் இயல்பு. ஆதலின், தரையில் விழுந்த மாத்திரையையும், எட்டும் இடத்தில் வைத்த மருந்துப் பையையும் அது விட்டுவைப்பதில்லை.

காய்ச்சலுக்கு உண்ணும் பாராசிட்டமாலை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை 50 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் உண்டால், அவர் உடலின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 10 மில்லிகிராம் மருந்தே சேரும். அதனையே 5 கிலோகிராம் எடையுள்ள நாய்க்குட்டி விழுங்கினால் 100 மில்லிகிராம் சேரும். இவ்வளவு அதன் கல்லீரலைக் கெடுக்கவல்லது.

அம்மருந்தின் ஒரு கூறு கல்லீரலில் நச்சுப் பொருளாக மாறுகின்றது. நச்சு சிறிதாயின், குளூட்டாதயோன் என்னும் பொருள் அதனை முறித்துவிடும். அப்பொருள் தீர்ந்துபோமாயின், எஞ்சிய நச்சு ஈரலை அழிக்கும். குருதியின் உயிர்வளி சுமக்கும் ஆற்றலும் குன்றும். ஈறுகள் பழுப்பு நிறம் அடைதல், முகமும் பாதங்களும் வீங்குதல், மூச்சுத் திணறல் ஆகியன இதன் அறிகுறிகள். ஐபுபுரோஃபென் என்னும் வலி மாத்திரையோ இரைப்பையில் புண்ணையும், சிறுநீரகத்தில் கேட்டையும் விளைக்கும். பூனைக்கோ பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே உயிரைப் போக்கவும் கூடும்.

இத்தகைய இடர் நேர்ந்தவிடத்துச் செய்யத்தக்கவை எவை? முதற்கண், சிதறிக் கிடக்கும் மாத்திரைகளை அகற்றி, நாயை வேறிடத்திற்குக் கொண்டு செல்லல் வேண்டும். அடுத்து, மருந்தின் பெயர், அதன் அளவு, குறைந்துள்ள மாத்திரைகளின் எண்ணிக்கை, விழுங்கிய நேரம், நாயின் எடை ஆகியவற்றை அறிதல் வேண்டும். பின்னர்க் காலந்தாழ்த்தாது கால்நடை மருத்துவரிடம் இவற்றைத் தெரிவித்து, மருந்தின் உறையுடன் நாயைக் கொண்டு செல்லல் வேண்டும். அறிகுறி தோன்றட்டும் என்று காத்திருத்தல் தவறு. அது தோன்றுமுன்னரே நச்சு குருதியில் கலந்துவிடும்.

செய்யத்தகாதனவும் சில உள. உப்பு நீரைப் புகட்டுதல் பெருந்தீங்கு. மிகுந்த உப்பு மூளையைத் தாக்கும். உணர்விழந்த நாயை வாந்தி எடுக்கச் செய்தால், அது நுரையீரலில் புகுந்து மூச்சை அடைக்கும். வாந்தி எடுக்கச் செய்வதா, வேண்டாவா என்பதை மருத்துவரே முடிவு செய்வார். தக்க பொழுதில் சென்றால், வயிற்றிலுள்ள மருந்தை அவர் வெளியேற்றுவார். எஞ்சியதைப் பற்றிக்கொள்ளும் கரித்தூளைக் கொடுப்பார். பாராசிட்டமாலாயின், குறைந்த குளூட்டாதயோனை நிரப்பும் அசிட்டைல்சிஸ்டைன் என்னும் மாற்று மருந்தும் உண்டு.

மாத்திரை கீழே விழுந்ததை முதலில் காண்பவர் சிறுவராகவும் இருத்தல் கூடும். வைவார்களே என்று அஞ்சி அவர் அதனை மறைத்தால், வீணாவது நாயைக் காக்கும் காலமே ஆகும். நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே உடனே உரைப்பதுதான் அவ்வேளையில் செய்யத்தக்க முதல் உதவி. தனக்கு உற்றதைச் சொல்ல நாய்க்கு வாயில்லை; அதன்பொருட்டுப் பேசக் கடமைப்பட்டவர் அதனை வளர்ப்பவரே. மருந்துகளை மூடிய பெட்டியில், உயரமான இடத்தில் வைப்பது அதனினும் சிறந்த காவலாகும்.