பெயர் ஒட்டாத வீணை

திண்டிவனத்தில் ஒரு நண்பர் வீட்டுக் கூடத்தில் பழைய வீணை ஒன்று கிடக்கிறது. "யாருப்பா செஞ்சது?" என்றேன். "தஞ்சாவூர் வீணைப்பா" என்றார். நான் கேட்டது ஆளை. அவர் சொன்னது ஊரை.

இத்தாலியில் ஜுசெப்பே ரோக்கா (1807–1865), அவர் மகன் என்ரிகோ ரோக்கா (1847–1915) இருவரும் வயலின் செய்தவர்கள். வயலினுக்குள்ளே ஒட்டும் சீட்டில் செய்தவர் பெயர், ஊர், வருடம் இருக்கும். இது அப்பன் செய்தது, இது மகன் செய்தது என்று வல்லுநர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். விலையும் அதற்கேற்ப மாறுகிறது. போலிச் சீட்டுகளும் முளைக்கின்றன. பெயர் என்பது இங்கே சொத்து.

நம்மிடம்? வீணை தனம்மாளை (1867–1938) எல்லோருக்கும் தெரியும். வீணை செய்த ஒருவர் பெயரைச் சொல் என்றால் நான் முழிக்கிறேன், நீங்களும்தான். அப்பனும் 'ஆசாரி', மகனும் 'ஆசாரி'. சாதிப் பெயர் ஆள் பெயரைத் தின்றுவிட்டது.

வாசிப்பது ஞானம், செய்வது வெறும் கைவேலை என்கிற எதிர்வுதான் இதற்கு அடிப்படை. இதைக் கொஞ்சம் தட்டிப் பார்ப்போம். விழுப்புரத்துக்குப் பக்கத்துப் பண்ருட்டியின் பலாமரம் தஞ்சைக்குப் போய்க் குடமாகவும் தண்டியாகவும் ஆகிறது. தண்டியின்மேல் மெழுகில் 24 மெட்டுகளைப் பதிக்க வேண்டும். ஸ்தாயிக்கு 12 வீதம் இரண்டு ஸ்தாயி. ஒரு மெட்டு மயிரிழை நகர்ந்தாலும் அபஸ்வரம். அளவுகோல் மட்டும் போதாது, காது வேணும். சுருதி தெரியாத கை மெட்டு வைக்க முடியாது. அப்படியானால் ஞானம் எந்தப் பக்கம் இருக்கிறது?

1967இல் ரோலான் பார்த் ஆசிரியனின் மரணத்தை அறிவித்தார். 1969இல் ஃபூக்கோ, ஆசிரியன் என்பதே சொல்லாடலின் ஒரு செயல்பாடு என்றார். நாமும் இங்கே அதைக் கொண்டாடினோம். ஆனால் ஆசிரியனாகப் பிறக்கவே விடப்படாதவனுக்கு எதற்கு மரணம்? பெயரழிப்பு அங்கே கலகம். இங்கே அது வழக்கம்.

2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதுதான், போலிகளிடமிருந்து ஒரு பாதுகாப்பு. ஆனாலும் சட்டம் அங்கீகரித்தது என் நண்பர் சொன்ன அதே பதிலைத்தான்: ஊரை.

அடுத்த முறை வீணைக் கச்சேரிக்குப் போனால், ராகம் என்னவென்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பதோடு, வீணையைச் செஞ்சது யார் என்றும் கேட்டுப் பாருங்கள்.