ஒரு மணி நேரப் பிழை: கடிகாரத்திலா, கணக்கிலா?

2023ஆம் ஆண்டு ரமளான் மாதத்தின் முதல் வாரத்தில் லெபனான் நாட்டு மக்கள் ஒரே ஊரில் இருந்துகொண்டே இரண்டு நேரங்களில் வாழ நேர்ந்தது. அந்நாட்டில் ஆண்டுதோறும் மார்ச் மாதத்துக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பது வழக்கம். இதனையே கோடைகால நேரம் என்பர். ஆனால் அவ்வாண்டு மார்ச் 23ஆம் நாள், பிரதமர் நஜீப் மிகாத்தியின் அரசு இம்மாற்றத்தை ரமளான் இறுதிவரை தள்ளிவைப்பதாக அறிவித்தது. அப்படிச் செய்தால் நோன்பாளிகள் மாலை ஏழு மணிக்குப் பதிலாக ஆறு மணியளவில் நோன்பு திறக்கலாம் என்பதே காரணமாகப் பேசப்பட்டது. மாற்றம் நிகழவேண்டிய நாளுக்கு எஞ்சியிருந்தவையோ மூன்றே நாட்கள்!

மரோனைட் திருச்சபையும் சில தொலைக்காட்சி நிலையங்களும் இவ்வறிவிப்பை ஏற்காமல் வழக்கம்போல் ஞாயிறன்றே கடிகாரத்தை முன்னே தள்ளின. அரசு அலுவலகங்கள் பழைய நேரத்திலேயே இயங்கின. கணினிகளுக்கும் கைபேசிகளுக்கும் இச்சச்சரவு எதுவும் தெரியாது. அவற்றுள் முன்பே எழுதிவைக்கப்பட்ட விதி, "மார்ச் கடைசி ஞாயிறு" என்றது. பல கருவிகள் அதன்படியே தாமாக முன்னே சென்றன. அவற்றைக் கையால் திருத்திக்கொள்ளுமாறு கைபேசி நிறுவனங்கள் வாடிக்கையாளர்களுக்குச் செய்தி அனுப்பின. மார்ச் 27இல் அரசு தன் முடிவைத் திரும்பப் பெற்றது. 29ஆம் நாள் நள்ளிரவில்தான் நாடு முழுவதும் ஒரே நேரத்துக்கு வந்தது.

அந்த நாட்களில் கைபேசியைக் கையால் திருத்திய ஒருவரின் தொழுகை நேரச் செயலி என்ன காட்டியிருக்கும்? இக்கேள்விக்கு விடை காணும்போதுதான், கணினிக் கடிகாரம் எங்கே பிழைபடுகிறது, அதனை எவ்வாறு சீர்செய்ய வேண்டும் என்பது நமக்குத் தெளிவாகும். நம் ஊரில் கோடைகால நேரம் என்ற ஒன்று இல்லையே என்று வாசகர்கள் இதனை ஒதுக்கிவிட வேண்டாம். லண்டனிலும் டொரண்டோவிலும் நம் பிள்ளைகள் வாழும் காலம் இது.

கணினிக்குள் இருப்பவை மூன்று

கணினியின் மூலையில் தெரியும் நேரம் ஒரே பொருளன்று. மூன்று வேலைகளின் கூட்டு விளைவு.

முதலாவது, மதர்போர்டில் உள்ள சிறு கடிகாரம். கணினியை அணைத்த பின்னரும் நாணயம் போன்ற ஒரு பேட்டரியின் துணையால் அது ஓடிக்கொண்டிருக்கும். அதிலுள்ள குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அவ்வதிர்வுகளை எண்ணியே அது விநாடியை அறிகிறது. வெப்பத்தாலும் தேய்மானத்தாலும் அது நாளொன்றுக்கு ஓரிரு விநாடி பிசகுவது இயல்பு.

இரண்டாவது, அப்பிசகைத் திருத்தும் ஒத்திசைவு. டேவிட் மில்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1985இல் வகுத்தளித்த என்.டி.பி. என்னும் முறை இதற்குப் பயன்படுகிறது. நம் கணினி ஒரு நேர வழங்கியிடம் "இப்போது மணி என்ன?" என்று கேட்கிறது. கேள்வி புறப்பட்ட நேரம், அங்கே சேர்ந்த நேரம், விடை புறப்பட்ட நேரம், இங்கே வந்த நேரம் ஆகிய நான்கையும் கொண்டு, வழியில் ஏற்பட்ட தாமதத்தைக் கழித்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வழங்கி தருவது உலகப் பொது நேரம் மட்டுமே. நாம் சென்னையில் இருக்கிறோமா, பெய்ரூட்டில் இருக்கிறோமா, கோடைகால நேரம் தொடங்கிவிட்டதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. அது சொல்லவும் சொல்லாது.

மூன்றாவது, நேர வலய விதி. உலகப் பொது நேரத்தோடு எத்தனை மணி கூட்ட வேண்டும், எந்த நாளில் அது மாறும் என்னும் அட்டவணை இது. ஒவ்வொரு நாட்டின் பழைய, புதிய விதிகளையும் திரட்டிய ஒரு பொதுத் தரவுத் தொகுப்பு உள்ளது. ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் தொடங்கிய அத்தொகுப்பைத் தன்னார்வலர்கள் பேணி வருகின்றனர். பெரும்பாலான கைபேசிகளும் லினக்ஸ் கணினிகளும் அதனையே நம்பியுள்ளன. விண்டோஸுக்குத் தனி அட்டவணை உண்டு. லெபனான் குழப்பத்தின்போது மார்ச் 23 அன்று அத்தொகுப்பின் புதிய பதிப்பு ஒன்று வெளியானது. அரசு பின்வாங்கியதும் 28ஆம் நாள் அதனை நீக்கும் மற்றொரு பதிப்பு வெளியிடப்பட்டது. இடைப்பட்ட ஐந்து நாட்களில் எத்தனைக் கருவிகளுக்கு எந்தப் பதிப்பு போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

பிழையின் அளவே நோயைக் காட்டும்

நாடி பிடித்துப் பார்க்கும் மருத்துவர் போல, பிழை எவ்வளவு என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

சில விநாடிகளோ சில நிமிடங்களோ வேறுபட்டால், ஒத்திசைவு நடைபெறவில்லை என்று பொருள். கணினியைத் திறக்கும்போதெல்லாம் தேதி பல்லாண்டுகள் பின்னே சென்றுவிட்டால், மதர்போர்டு பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். அதை மாற்றுவது சிறு செலவே.

ஆனால் நிமிடமும் விநாடியும் சரியாக இருந்து, மணி மட்டும் முழுதாக ஒன்று கூடியோ குறைந்தோ காட்டினால், கடிகாரம் பிழையன்று; கணக்கே பிழை. அதாவது உலகப் பொது நேரம் சரியாக வந்திருக்கிறது. அதனோடு கூட்டவேண்டிய எண்தான் தவறியிருக்கிறது. கோடைகால மாற்றத்துக்குப் பின் தோன்றும் பிழைகளுள் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவையே. எத்தனை முறை ஒத்திசைவுப் பொத்தானை அழுத்தினாலும் இது தீராது. ஏனெனில் ஒத்திசைவு திருத்துவது எதுவோ, அது ஏற்கெனவே சரியாக உள்ளது.

கையால் திருத்துவதில் உள்ள கேடு

ஒரு மணி நேரம் பிழையாகத் தெரிந்ததும் நம்மில் பலர் செய்வது, தானியங்கி அமைப்பை நிறுத்திவிட்டு மணியைக் கையால் மாற்றுவதுதான். பார்வைக்கு நேரம் சரியாகிவிடும். ஆனால் அப்போது நடப்பது என்ன? கணக்கிலிருந்த பிழை அப்படியே இருக்க, சரியாக இருந்த உலகப் பொது நேரத்தை ஒரு மணி நேரம் பிழையாக்கிவிடுகிறோம். இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன. திரையில் மட்டும் சரியாகத் தெரிகிறது.

மேலே கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். பெய்ரூட்டில் மார்ச் இறுதியில், பழைய நேரப்படி ஸுப்ஹு நேரம் நான்கு மணியை ஒட்டித் தொடங்குகிறது. ஒருவருடைய கைபேசி தானாக முன்னே சென்றுவிட்டது. அவர் அதைக் கையால் ஒரு மணி நேரம் பின்னே இழுத்துவிட்டார். தொழுகை நேரச் செயலி சூரியனின் நிலையைக் கணக்கிட்டு உலகப் பொது நேரத்தில் விடை காண்கிறது. பின்னர் கைபேசியின் விதிப்படி மூன்று மணி நேரத்தைக் கூட்டி, "ஸுப்ஹு ஐந்து மணிக்கு மேல்" என்று காட்டுகிறது. அவர் கைக்கு எடுத்த கைபேசியோ பழைய நேரத்தில் ஓடுகிறது. ஐந்து மணிவரை நேரமிருக்கிறது என்று நம்பி அவர் ஸஹர் உணவை உண்டுகொண்டிருந்தால், வைகறை புலர்ந்து ஒரு மணி நேரம் கடந்திருக்கும்.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. நாடு முன்னே சென்றிருக்க, விதி புதுப்பிக்கப்படாத கைபேசி பின்தங்கி நிற்கிறது. உரியவர் அதனைக் கையால் முன்னே தள்ளுகிறார். அப்போது மக்ரிப் பாங்கு சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைபேசியில் ஒலிக்கும். வானம் வெளிச்சமாக இருப்பதைப் பார்த்து விழித்துக்கொள்பவர் தப்புவார். அடுக்குமாடி வீட்டில் திரைச்சீலை மூடிய அறையில் இருப்பவர் என்ன செய்வார்?

அலுவலகங்களில் ஏற்படும் இடர் வேறு. விண்டோஸ் வலையமைப்பில் உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை, பொதுவாக ஐந்து நிமிடத்துக்கு மேற்பட்ட நேர வேறுபாட்டை ஏற்பதில்லை. கோடைகால நேரம் மாறுவதால் மட்டும் இதற்குப் பாதகமில்லை. அது உலகப் பொது நேரத்தையே பார்க்கிறது. கையால் மணியை மாற்றியவருக்குத்தான் கதவு அடைபடுகிறது. என்.டி.பி.யின் நெடுநாள் வழக்கிலுள்ள செயல்நிரலும் 1,000 விநாடிக்கு மேற்பட்ட பிழையைக் கண்டால், ஐயுற்றுத் தன் பணியை நிறுத்திக்கொள்ளும். ஒரு மணி நேரம் என்பதோ 3,600 விநாடி!

விதி மாறும், கருவி அறியாது

ஆட்சியாளர் ஆணையிட்ட கணத்தில் கணினிகள் மாறிவிடுவதில்லை. அமெரிக்காவில் 2005இல் இயற்றிய சட்டத்தின்படி, 2007 முதல் கோடைகால நேரம் ஏப்ரல் முதல் ஞாயிறுக்குப் பதிலாக மார்ச் இரண்டாம் ஞாயிறன்றே தொடங்கியது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் அவகாசம் இருந்தும், புதுப்பிக்கப்படாத கருவிகள் அவ்வாண்டு மூன்று வாரம் ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடின. மொராக்கோ அரசு 2018 அக்டோபர் 26 அன்று, கோடைகால நேரத்தையே ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்வதாக முடிவு செய்தது. 28ஆம் நாள் நேரம் பின்னே செல்லும் என்று எழுதிவைத்திருந்த கைபேசிகள் அவ்வாறே பின்னே சென்றன. அந்நாடு பின்வந்த ஆண்டுகளில் ரமளானையொட்டிக் கடிகாரத்தைப் பின்னே வைத்து, அது முடிந்தபின் மீண்டும் முன்னே தள்ளியது. எனவே விதித் தொகுப்பைப் பேணுவோர் வருங்கால ரமளான் மாதங்களையும் கணித்து எழுதவேண்டியவர்களாயினர்.

நமக்கு அருகிலும் சான்று உண்டு. இலங்கை 1996இல் தன் நேரத்தை மாற்றி, 2006 ஏப்ரல் 15 அன்று இந்திய நேரத்துக்கு இணையான ஐந்தரை மணிக்குத் திரும்பியது. பழைய விதியோடு நின்ற கணினிகளில் அரை மணி நேரப் பிழை தோன்றியது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, நேர வலயத்தைப் பாருங்கள். எத்தனை மணி கூட்டல் என்ற எண்ணைப் பார்த்துத் தெரிவு செய்யாமல், ஊரின் பெயரால் தெரிவு செய்யுங்கள். குளிர்காலத்தில் ஒரே எண்ணுடைய இரு ஊர்கள் கோடையில் பிரிந்துவிடும்.

இரண்டாவதாக, கோடைகால நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பு இயங்குகிறதா என்று நோக்குங்கள்.

மூன்றாவதாக, இயங்குதளத்தைப் புதுப்பியுங்கள். விதி அட்டவணை அதனோடுதான் வருகிறது. ஜாவாவில் எழுதிய செயல்நிரல்கள் தமக்கெனத் தனி அட்டவணை வைத்திருப்பதால், கணினி சரியாகியும் அவை பிழையாக நிற்கலாம். ஜாவாவையும் புதுப்பித்து, அவற்றை மூடித் திறக்க வேண்டும்.

நான்காவதாக, ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருந்தால் கவனம் தேவை. மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் கொள்கின்றன. லண்டனில் குளிர்காலத்தில் இரண்டும் ஒன்றே என்பதால் பிழை தெரியாது. மார்ச் இறுதி வந்ததும் சரியாக ஒரு மணி நேரம் புலப்படும். இரண்டையும் ஒரே முறைக்குக் கொண்டுவருவதே தீர்வு.

ஐந்தாவதாக, புதுப்பிப்பு வரும்வரை பொறுக்க இயலாவிட்டால், மணியைத் தொடாதீர்கள், வலயத்தை மாற்றுங்கள். லெபனானில் அவ்வாரம் பழைய நேரத்தைப் பின்பற்ற விரும்பியவர், தன் கைபேசியில் கெய்ரோவைத் தெரிவு செய்திருந்தால் போதும். எகிப்து அப்போது அதே பழைய நேரத்தில்தான் இருந்தது. உலகப் பொது நேரம் பிழைபடாது. ஊரின் இருப்பிடம் பெய்ரூட்டாகவே இருக்கத் தொழுகை நேரமும் தவறாது. விதி வந்து சேர்ந்ததும் மீண்டும் தன் ஊருக்கே மாற்றிக்கொள்ள வேண்டும்.

இறுதியாக, எதைச் செய்தாலும் அன்றைய சூரிய மறைவு நேரத்தைப் பள்ளிவாசல் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடிகாரத்தை முன்னும் பின்னும் தள்ளுவது அரசுகளின் அதிகாரத்துக்கு உட்பட்டது. சூரியன் எவருடைய ஆணைக்கும் காத்திருப்பதில்லை. நோன்பின் நீளம் ஓர் இமைப்பொழுதும் மாறுவதில்லை. தொலைவில் வாழும் பிள்ளைகளோடு பேசும்போது, மார்ச்சிலும் அக்டோபரிலும் இந்த ஒரு சொல்லை நினைவூட்டுங்கள்: மணி பிழையாகத் தெரிந்தால், முள்ளைத் திருப்புமுன் கணக்கைப் பார்க்கட்டும்.