பழைய சைக்கிளும் புதிய பயிற்சியும்

பழைய இரும்புக் கடையிலே எடைக்குப் போடப்பட்ட சைக்கிளை விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றி, துருவைத் தேய்த்து, வேண்டிய பாகங்களை மாற்றி, மறுபடியும் வீதியில் ஓட விடும் கனவான்களைக் கண்டு நகைப்போர் பலர். நாமும் ஒரு காலத்தில் அவ்வாறு நகைத்தவரே. இன்று நாமே அக்கூட்டத்தில் சேர்ந்துவிட்டபடியால், நமது கட்சியைப் பொதுஜனங்களின் முன் எடுத்துரைப்பது கடமையாயிற்று.

நம் வீட்டு மாடிப்படியின் கீழ், நமது தந்தையார் ஓட்டிய சைக்கிள் ஒன்று இருபது ஆண்டுகளாக ஒட்டடை படிந்து கிடந்தது. ஒரு விடுமுறை நாளில் அதை நாமே ஓவராயில் செய்வதெனத் துணிந்தோம். ஆங்கிலக் கல்வியும் சட்டப் பரீட்சையும் நமக்கு அளித்திருந்த தைரியம் அரை மணி நேரமே நிலைத்தது. பெடல் அச்சைத் தாங்கும் இரு கிண்ணங்களுள், செயின் ஓடும் வலப்பக்கத்துக் கிண்ணத்தை வழக்கம்போல் இடப்புறமாகத் திருகினோம். அது அசையவில்லை. ஸ்பேனரின் பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி மேலும் பலமாகத் திருகினோம். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டிகளின் தோல் உரிந்ததே கண்ட பலன். தெருக்கோடியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் முதியவர் வந்து பார்த்துவிட்டு, "அது எதிர் மரை ஐயா, இவ்வளவு நேரமும் நீங்கள் அதை இறுக்கிக்கொண்டிருந்தீர்கள்" என்றார். திசையறியாத வலிமை தளையை இறுக்கவே செய்யும் என்பது ராஜீய விஷயங்களுக்கு மாத்திரம் உரிய உண்மையன்று என அன்று அறிந்தோம்.

பழைய சைக்கிளின் முதற் சிறப்பு, அதில் ஒளிவு மறைவு இல்லை என்பதே. நாலைந்து ஸ்பேனர்கள், ஒரு சுத்தி, சிறிது மண்ணெண்ணெய், கிரீஸ் ஆகிய இவை போதும்; எந்தப் பாகம் எதைத் தாங்குகிறது, எது தேய்ந்தது என்பதைக் கண்ணாலேயே காணலாம். ஆயினும் அளவறியாமல் கை வைக்கலாகாது. பெரும்பாலான ஆங்கிலேயக் கம்பெனிகள் பெடல் அச்சின் கிண்ணங்களுக்கு அங்குலத்துக்கு 24 மரை வைக்க, ராலே கம்பெனி மட்டும் 26 மரை வைத்தது. ஒன்றின் கிண்ணம் மற்றொன்றில் ஏறாது. பழைய வழக்கப்படி முன் சக்கரத்துக்கு 32 கம்பிகள், பின் சக்கரத்துக்கு 40 கம்பிகள். இதை எண்ணாமல் 36 துளையுள்ள ரிம்மை வாங்கி வந்து ஏமாந்தோர் உண்டு.

இவ்வளவுகள் இங்கிலாந்திலிருந்து வந்தவை. 1949ல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸும், 1951ல் சோனேபட்டில் அட்லஸும், 1956ல் லூதியானாவில் ஹீரோவும் தோன்றி நம் நாட்டிலேயே சைக்கிள் தொழில் வளர்ந்தபோது, சாதாரண வண்டிக்கு இவ்வளவுகளே பெரும்பாலும் நிலைத்தன. அதனாலேயே, ஐம்பது ஆண்டுக்கு முந்திய வண்டிக்கும் காட்டர் பின்னும், பிரேக் கட்டையும், 28 அங்குல டயரும் நம் ஊர்க் கடைகளில் இன்றும் அகப்படுகின்றன. ஆனால் இந்நிலை என்றென்றும் நீடிக்கும் என்று எண்ண வேண்டாம். அட்லஸ் கம்பெனியின் சாஹிபாபாத் தொழிற்சாலை 2020ம் ஆண்டு ஜூன் மாதம் 3ம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்றே, உற்பத்தியை நிறுத்திவிட்டது.

இனி, வண்டியை அபிவிருத்தி செய்யும் விஷயத்துக்கு வருவோம். பாரமான வண்டி மேட்டில் ஏற மறுக்கிறது என்பது பொதுவான குறை. இதற்கு மலிவான பரிகாரம் ஒன்று உண்டு. முன்னே 48 பல், பின்னே 18 பல் எனில், பெடல் ஒரு முறை சுற்றும்போது 28 அங்குலச் சக்கரமுள்ள வண்டி ஏறக்குறைய 6 மீட்டர் செல்லும். பின்னே 22 பல்லுள்ள ஃப்ரீவீலைப் பூட்டிச் செயினைச் சிறிது நீட்டினால், அது 5 மீட்டருக்குச் சற்றுக் குறையும். வேகம் குறைந்தாலும் கால் நோவு தீரும். அதிகம் செலவிடக் கூடியவர், ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி 1936 முதல் வெளியிட்ட மூன்று வேக ஹப்பைத் தேடலாம். நேர் வேகத்துக்குக் கீழே 25 சதவீதமும், மேலே 33 சதவீதமும் மாறுபடும் இரு வேகங்களை அது தருகிறது. பழைய ஹப்புகளின் மேல் அவை செய்யப்பட்ட ஆண்டும் மாதமும் பொறிக்கப்பட்டிருப்பதால், வண்டியின் வயதுக்கு அதுவே நல்ல சாட்சியம்.

பிரேக் விஷயம் உயிரைப் பற்றியது. கம்பிப் பிரேக்கின் கட்டை முலாம் பூசிய எஃகு ரிம்மின் உட்புறத்தைப் பிடிக்கிறது. மழையில் நனைந்தால் அப்பிடி பெரிதும் தளர்கிறது. அலுமினிய ரிம் இக்குறையைக் குறைக்கும். ஆனால் அதற்குப் பக்கவாட்டில் பிடிக்கும் பிரேக்கும் வேண்டும். மேலும் பழைய ரிம்மின் டயர் பதியும் விட்டம் 635 மில்லிமீட்டர். இக்காலத்து ரிம்முக்கோ 622. பிரேக்கின் கை அவ்வளவு தூரம் எட்டுமா என்று அளந்த பின்னரே பணத்தைக் கொடுக்க வேண்டும்.

பழமையில் பற்றுள்ள சிலர், ஓர் ஆணியையும் மாற்றலாகாது என்கின்றனர். வேறு சிலர், இரும்புச் சட்டத்தையே அறுத்துத் தம் விருப்பப்படி வளைக்கின்றனர். இவ்வழக்கில் நமது தீர்ப்பு இது: மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கூடிய மாறுதல் அனைத்தும் நியாயமானவை, கொண்டுவர முடியாதவை நியாயமற்றவை. கழற்றிய பாகங்களைச் சீட்டு எழுதி ஒரு பெட்டியில் வைத்திருப்போர், தம் சந்ததியாருக்குத் துரோகம் செய்தவராகார்.

இதனால் பணம் மிச்சமாகுமோ என்று கேட்பீர்களாயின், ஆகாது. நாம் செலவிட்ட தொகைக்குப் புதிய சைக்கிளே வாங்கியிருக்கலாம். நமக்குக் கிட்டிய லாபம் வேறு. எழுதவும் பேசவும் கற்ற நம்மனோர், கையால் செய்யும் வேலையைத் தாழ்ந்ததாகக் கருதிப் பழகிவிட்டோம். தேசம் தன் காலில் நிற்க வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். நம் வீட்டுச் சக்கரத்தின் கோட்டம் எடுக்க நமக்குத் தெரிவதில்லை. தெரிந்தவரையோ மதிப்பதில்லை.

நமக்கு எதிர் மரையைக் காட்டிய முதியவர், கம்பிகளை விரலால் சுண்டி, ஓசையைக் கொண்டே எது தளர்ந்தது எனச் சொல்லக் கூடியவர். அவருடைய மகன் வேறு உத்தியோகம் பார்க்கிறார். கடைக்குச் சீடன் எவனும் இல்லை. அவ்விரல்களின் அறிவு எந்தப் புத்தகத்திலும் ஏறியதன்று. அவர் கடையை மூடும் நாளில் அதுவும் மறையும். ஆகவே வாலிப நண்பர்களே, பழைய சைக்கிளைத் தேடி எடுங்கள். ஆனால் ஸ்பேனரை வாங்குமுன், உங்கள் தெருக்கோடிக் கடைக்காரரிடம் சென்று, உரிய தட்சிணையும் மரியாதையும் கொடுத்து, மாணாக்கராய் அமருங்கள். நாம் ஞாயிறுதோறும் அங்கேதான் அமர்ந்திருக்கிறோம்.